பொருள்விளங்கா உருண்டையும் என் முன்பல்லும்

"ஒண்ணு எடுத்துக்கங்க சம்பந்தி" என்று தட்டை நீட்டினார் தங்கச்சாமி.

திருநகரில் எங்கள் வீட்டுக் கூடம், என் மகளின் நிச்சயதார்த்தம். வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில், பேரையூரிலிருந்து வேனில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார். மல்லிகையும் சந்தனமும் பட்டுப்புடவையும் கலந்த வாசனையை மின்விசிறி எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொண்டிருந்தது. தட்டில் கோபுரமாக அடுக்கியிருந்தவை பொருள்விளங்கா உருண்டைகள்.

அரிசியையும் பயறையும் கடலையையும் வறுத்துத் திரித்து, தேங்காய்ச் சில்லு போட்டு, வெல்லப் பாகில் பிடிப்பது. பிடித்த கையை விட்டு இறங்கியதும் அது பலகாரம் என்ற நிலையைக் கடந்து கல்லாகிவிடும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். எங்கள் வீட்டுப் பலகாரங்கள் வாயில் போட்டால் கரைபவை. அந்த உருண்டையை அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கினேன்.

தங்கச்சாமி பேரையூரில் சிமென்ட், கம்பி வியாபாரம் செய்பவர். அதையே ஓர் எச்சரிக்கையாக நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தைத் தாண்டி ஓடும் மீசை. அதற்குக் கீழே, சிரித்தால், அரிசி மணி போலச் சின்னதாய், வட்டமாய், ஒரே சீராய் ஒரு பல்வரிசை. 'மனுஷனுக்கு என்ன அழகான பல்' என்று நினைத்துக்கொண்டேன். பிறர் பல்லைப் பற்றி நான் நிம்மதியாக நினைத்த கடைசிக் கணம் அது.

மாப்பிள்ளை கார்த்திக் தன் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ சைகை செய்தான். பணிவான பையன், வணக்கம் சொல்கிறான் என்று நானும் தலையசைத்துவிட்டு, முன்பல்லால் ஒரு கடி கடித்தேன்.

'டக்' என்று கேட்டது. கூடமே என் பக்கம் திரும்பியது.

"ஆத்தாடி, கடிச்சே புட்டாரு!" என்றது ஒரு பெண் குரல். யாரோ கைதட்டினார்கள்.

உடைந்தது உருண்டை அல்ல என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. உருண்டையை மெதுவாகத் தட்டிலேயே மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். உதடுகளை ஒட்டிக்கொண்டேன். புன்னகை போன்ற ஒன்றைக் கண்களால் மட்டும் செய்தேன்.

ம் என்ற ஓரெழுத்து

வாயைத் திறக்காமல் தமிழில் பேசக்கூடியது ஒரே எழுத்துத்தான். அடுத்த ஒரு மணி நேரம் அதை வைத்துக் குடும்பம் நடத்தினேன். மண்டபம் பேசியாச்சா? ம். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லட்டுமா? ம்.

புறப்படும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் என் எதிரே வந்து நின்றார். "அண்ணே, பிள்ளைக ரெண்டும் பிடிச்சுப்போயி நம்மகிட்ட வந்து நின்னுச்சுக. நாங்க வேற, நீங்க வேற பாசை. எனக்கு மனசுல ஒரே ஒரு கேள்விதான். எங்க பையனை உங்களுக்கு மனசாரப் பிடிச்சிருக்கா?"

"ம்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். என் மகள் நித்யா என்னைப் பார்த்த பார்வையையும் பார்த்தேன். அந்தப் பார்வையில் மீதிப் பற்களும் ஆடின.

வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் குளியலறைக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தேன். வலது முன்பல்லில் பாதிக்கு மேல் காணவில்லை. பின்னால் வந்து எட்டிப் பார்த்த சாந்தா, என் மனைவி, ஒரு வாக்கியம் சொன்னாள். எங்கள் மொழியில் அது மிக அழகான வாக்கியம். தமிழில் "கடிக்கத் தெரியாத மனுஷனுக்கு எதுக்குப் பல்லு" என்று வரும். மொழிபெயர்ப்பில் காரம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

மறுநாளே தங்கச்சாமியின் போன். "சம்பந்தி, எதும் மனக்குறையா? வாயே திறக்கலையேன்னு வீட்ல சாப்பிடாம உக்காந்திருக்கா."

பல் உடைந்ததைச் சொல்லிவிடலாம் என்றாள் நித்யா. சாந்தா தடுத்துவிட்டாள். "நிச்சயத்தன்னிக்குப் பல்லு விழுந்துச்சுன்னு எந்த வாயால சொல்றது? அதுவும் அவங்க பலகாரத்துல! அந்த அம்மா கைப்பக்குவத்தைக் குத்திக்காட்டுன மாதிரி ஆகாதா? முதல்ல பல்லைக் கட்டுங்க. கட்டிட்டுப் போயி வாய் நிறையச் சிரிச்சுட்டு வாங்க. எல்லாம் சரியாகும்."

ஆக, ஒரு கல்யாணம் என் ஒரு சிரிப்பை நம்பி நின்றது. வாழ்க்கையில் எதற்கும் என்னை நம்பாதவர்கள் இதற்குப் போய் நம்பினார்கள்.

சதுரம், முட்டை, முக்கோணம்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் டாக்டர் வினோதினியின் பல் மருத்துவமனை. கீழே 'தேனி, தேனி, தேனி' என்று கண்டக்டர்கள் கூவுவதும், மேலே நாம் 'ஆ' என்பதும் ஒரே சுருதியில் சேரும்.

டாக்டர் என் வாயைப் பார்த்தார். பக்கத்துப் பல்லைத் தட்டினார். "இது உறை போட்டதுல்ல சார்?"

அது பழைய கதை. கல்லூரிக் காலத்தில் ஒரு டவுன் பஸ் பிரேக் போட்டபோது முன்சீட்டுக் கம்பியை முத்தமிட்டதன் விளைவு. அப்போது ஒரு மருத்துவர் கைக்கு வந்த வடிவத்தில் ஓர் உறையை மாட்டிவிட்டார். கல்கண்டுக் கட்டி போல இருந்தது, வருஷம் போகப் போக டீயின் நிறத்தை அடைந்து, பிறகு டிகாக்‌ஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இதையும் கழட்டிட்டு ரெண்டையும் சேர்த்துச் செஞ்சாத்தான் சார் ஜோடி சேரும். உங்க ஒரிஜினல் பல் என்ன வடிவம்?"

யோசித்தேன். இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. பெயர் கேட்டிருக்கிறார்கள், ரத்த வகை கேட்டிருக்கிறார்கள்.

டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். முன்பற்களில் மூன்று பெரிய குலங்கள் உண்டாம். ஓரங்கள் நேராக இறங்கும் சதுரம். வளைந்து இறங்கும் முட்டை வடிவம். ஈறருகே ஒடுங்கிக் கீழே விரியும் முக்கோணம். மற்றவை எல்லாம் இவற்றுக்குள் நடந்த கலப்புத் திருமணங்கள். சிரிக்கும்போது எதிராளியின் கண் முதலில் போவது இந்த நடு இரண்டில்தான். அரைக் கடுகு அகலம் கூடினால் முகமே வேறு ஆளாகிவிடும்.

"முகத்தைத் தலைகீழாக் கவுத்தா முன்பல்லோட வடிவம் வரும்னு ஒரு பழைய கணக்கு உண்டு சார். ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம்னும் சொல்வாங்க. இப்ப அதை யாரும் அம்புட்டா நம்புறதில்ல. சும்மா பார்ப்போம்." என் பாஸ்போர்ட் படத்தை செல்போனில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். சாந்தா எட்டிப் பார்த்து, "நேரா இருக்கிறதுக்கு இது தேவலை" என்றாள்.

"முட்டை மாதிரி வருது" என்றார் டாக்டர். "ஆனா உறுதியாச் சொல்ல முடியல. பல்லு தெரியச் சிரிச்ச பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க."

இங்கேதான் சிக்கல். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் படத்தில் பல் காட்டுவதில்லை. என் கல்யாணப் படத்தில் தீர்ப்பு வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவனைப் போல நிற்கிறேன். எனக்குத் தனிக் காரணமும் உண்டு. பள்ளியில் என் பெயர் 'முறம்'. முறம் போன்ற பல் என்பதன் சுருக்கம். அந்தப் பெயரோடு படித்தவன் கேமராவைப் பார்த்து ஏன் சிரிக்கப்போகிறான்? நித்யா தன் செல்போனில் தேடித் தேடி ஒரே ஒரு வாய் திறந்த படத்தைக் கண்டுபிடித்தாள். ரயிலில் தூங்கும் படம். கடைவாய்ப் பல்வரை துலக்கமாகத் தெரிந்தது. முன்பல்லை மட்டும் மேலுதடு மூடியிருந்தது.

நம் பழம்புலவர்களையும் புரட்டினேன். முத்து என்றார்கள், முல்லை மொட்டு என்றார்கள், மயிலிறகின் அடிக்குருத்து என்றார்கள். எல்லாம் கதாநாயகியின் பல். தலைவியின் தகப்பனுக்குப் பல் இருந்ததா என்றே யாரும் விசாரிக்கவில்லை.

(போன வாரம் இந்தப் பத்தியில் என் வழுக்கையைப் பற்றி எழுதியதற்கு, 'அடுத்து எந்த உறுப்பு?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மேலிருந்து கீழே வந்துகொண்டிருக்கிறேன். கழுத்தோடு நிறுத்திவிடுவேன் என்று உறுதி கூறுகிறேன்.)

அடுத்த முறை வெறுங்கையோடு போனோம். டாக்டர் வேறு வழி கேட்டார். "உடைஞ்ச துண்டு இருக்கா?"

"இருக்கு டாக்டர். உள்ளே" என்று வயிற்றைக் காட்டினேன்.

"முழுங்கினது தெரிஞ்சுதா?"

"தெரியல."

"என்னத்தைக் கடிச்சீங்க?"

சொன்னேன். டாக்டர் கையுறையைக் கழற்றினார். "எங்க ஊர் பலகாரம் சார் அது. பாகு பிடிச்சா சிமென்ட். துண்டு உள்ள போயிருக்காது. உருண்டையிலயே பதிஞ்சு நிக்கும். அந்த உருண்டை எங்க?"

சாந்தா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயையோ. வந்த தட்டை வெறுமனே அனுப்பக்கூடாதுன்னு அதுலயே பாதி உருண்டைகளை வச்சு, பழமும் வெத்தலையும் வச்சு நான்தானே திருப்பிக் கொடுத்தேன்! நம்ம வீட்ல இருக்கிற மிச்சத்துல கடி பட்டது எதுவும் இல்லையே!"

என் பல் சீர்த்தட்டில் ஏறிப் பேரையூர் போயிருந்தது.

வாய்மூடிப் பயணம்

மூவரும் ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். பத்திரிகை அச்சடிக்கும் விஷயமாகப் பேச வருகிறோம் என்று சாக்கு. நான் முகக்கவசம் அணிந்திருந்தேன், சளி என்று பெயர். திட்டம் சாந்தாவுடையது: அவள் சமையற்கட்டுக்குள் போய் மீதி உருண்டைகளைப் பார்ப்பாள். கடி பட்டதை முந்தானையில் முடிந்துகொள்வாள். திருமங்கலம் தாண்டி, வேலிக்கருவை வெயிலில் காய்ந்து நிற்கும் கரிசல் காட்டைப் பார்த்தபடி, 'ஒருவேளை ஏற்கெனவே சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டிருந்தால்?' என்று நினைத்தேன். யாரோ ஒரு பெரியப்பா என் பல்லைத் தின்றுகொண்டிருக்கும் காட்சி மனதில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். "இவருதான்!" என்றார் ஒருவர். இன்னொருவர் என் தாடையை மரியாதையாக உற்றுப் பார்த்தார்.

"வாங்க சம்பந்தி" என்று தங்கச்சாமி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சாமி அலமாரியைக் காட்டினார். படங்களுக்கு நடுவே ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் ஒற்றை உருண்டை. அதன் மேல் குங்குமப் பொட்டு. பொட்டுக்குக் கீழே என் கடி.

"எங்க வீட்டு வழக்கம் என்னன்னா, இதை எடுத்துக் கண்ணுல ஒத்திட்டுத் திரும்ப வச்சிரணும். தாலி கட்டுன பெறகுதான் உலக்கையால உடைச்சு ரெண்டு வீட்டுக்கும் பங்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் பல்லு வச்சதில்ல. நீங்க கடிச்சீங்க பாருங்க! நான் ஊரு பூராம் சொல்லிட்டேன், எங்க சம்பந்திக்கு இரும்புப் பல்லுன்னு."

கார்த்திக்கின் சைகைக்கு அப்போதுதான் எனக்கு உரை கிடைத்தது.

"சொன்னா நம்ப மாட்டேங்குறாய்ங்க. அந்த மாஸ்க்கை எடுத்துட்டு ஒருவாட்டி பல்லைக் காட்டுங்க சம்பந்தி" என்றார் தங்கச்சாமி.

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "விடுங்க. அண்ணனுக்கு நம்ம வீட்ல சிரிக்க மனசில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். நித்யாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அப்போது தங்கச்சாமியின் பற்களை மறுபடி பார்த்தேன். ஆரப்பாளையத்தில் பாடம் படித்த கண்ணல்லவா? அவ்வளவு பெரிய சதுர முகத்தில், அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழே, பொடிப்பொடியாக முட்டை வடிவப் பற்கள். நடு இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே. இயற்கை இவ்வளவு சோம்பேறியாக இருக்காது. இந்த வயதில் ஓரம்கூடத் தேயவில்லை.

எனக்குத் துணிச்சல் வந்தது. முகக்கவசத்தைக் கழற்றினேன். வாயைத் திறந்தேன்.

"எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிச்சிருக்கு தங்கச்சி" என்றேன். ஓட்டை வழியாகப் பாதிச் சொற்கள் காற்றாகப் போயின. "அன்னிக்கே சொல்லணும்னுதான் நினைச்சேன். வாயைத் திறந்தா கூடத்துல எல்லாருக்கும் இது தெரிஞ்சிருமேன்னு…"

பேச்சியம்மாள் என் வாயைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். உருண்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கடிவாயில், பதித்த கல்லைப் போலப் படுக்கையாக ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைத் துண்டு.

"அடக் கடவுளே, நான் தேங்காச் சில்லுன்னு நெனச்சு தெனமும் பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டு இருக்கேனே!"

தங்கச்சாமி சுவர்ப் பக்கம் திரும்பி, வாயில் கைவிட்டு ஏதோ செய்தார். திரும்பியபோது அவர் உள்ளங்கையில் அந்த அரிசி மணிப் பல்வரிசை இருந்தது. மீசைக்குக் கீழே வெறும் இருட்டு.

"என் மாமனார் வீட்ல, எங்க நிச்சயத்துல போச்சு. கடிக்கக் கூடாதுன்னு எனக்கும் எவனும் சொல்லல" என்றார், என்னைவிடக் கூடுதல் காற்றோடு. "அன்னையிலருந்துதான் இந்த வழக்கமே வந்துச்சு."

"என் கைப்பக்குவம்தான்" என்றார் பேச்சியம்மாள், தலையைக் குனிந்துகொண்டு. பிறகு அவர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நித்யாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

உருண்டைக்கு அளவெடுத்தது

துண்டைப் பெயர்த்துத் தாருங்கள் என்றால் பேச்சியம்மாள் ஒப்பவில்லை. தாலி ஏறாமல் உருண்டையில் உலக்கை படக்கூடாது. கடைசியில் ஒரு சமரசம்: உருண்டை முழுசாக ஆரப்பாளையம் வரும். துணைக்குத் தங்கச்சாமி வருவார்.

"பேஷண்ட் யாரு?" என்று கேட்டார் நர்ஸ். தங்கச்சாமி மடியிலிருந்த தூக்குவாளியைத் திறந்தார்.

பற்களுக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்பு மாவை டாக்டர் உருண்டையின் மேல் அமுக்கியபோது, மருத்துவ வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இருக்காது என்று எனக்குத் தோன்றியது. நாற்காலியில் உருண்டை. நின்றுகொண்டு நாங்கள்.

"முக்கோணம் சார் நீங்க!" என்றார் டாக்டர். "மேல ஒடுங்கிக் கீழ நல்லா விரியுது. ஓரத்துல ஒரு சாய்வு வேற. தலைகீழ்க் கணக்கு தப்பாப் போச்சு."

"நான் சொல்லல? முறம்" என்றாள் சாந்தா.

"இதைக் கொஞ்சம் முட்டையாக்கி, சாய்வை எடுத்துட்டா இன்னும் எடுப்பா இருக்கும். வயசுக்குத் தக்கபடி ஓரத்தை லேசாத் தேய்ச்சும் வச்சிரலாம். என்ன சொல்றீங்க?"

புதுப் பல்லைப் பழசுபோல் தேய்த்துத் தர ஒரு தனிக் கைவேலை இருக்கிறது என்பதை அறிந்து வியந்து நான் பதில் சொல்வதற்குள் நித்யா முந்திக்கொண்டாள். "சாய்வு இருக்கட்டும் டாக்டர். அப்பா பொய் சொன்னா உதட்டைக் கடிப்பாரு. அந்தச் சாய்வுதான் வெளிய எட்டிப் பார்க்கும். அது இல்லாட்டி எங்களுக்குக் கண்டுபிடிக்க வழி இல்லாமப் போயிரும்."

டாக்டரின் பார்வை தங்கச்சாமியின் வாயில் நின்றது. "சார், உங்க முகத்துக்கு இந்தப் பல்லு ரொம்பச் சின்னது. சதுரமாச் செஞ்சு தரவா? மீசைக்கு எடுப்பா இருக்கும்."

தங்கச்சாமி ஆசையோடு வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பேச்சியம்மாளின் குரல் லாட்ஜ் மாடி முழுக்கக் கேட்டது. "ஒண்ணும் வேணாம். இம்புட்டு வருசமா அந்தப் பல்லைப் பார்த்துத்தான் சண்டை போட்டுட்டு இருக்கேன். புதுப் பல்லோட முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல."

தங்கச்சாமி போனை அணைத்துப் பையில் வைத்தார். "இதுவே நல்லாத்தான் இருக்கு டாக்டர்."

தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்துப் பின்கட்டில் உலக்கை போட்டு உருண்டையை உடைத்தார்கள். என் துண்டைப் பேச்சியம்மாள் ஒரு வெற்றிலையில் வைத்து, சீர் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினார். அதை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டேன். வழக்கம் இப்போது எனக்கு அத்துப்படி.

பிறகு மேடையில் குடும்பப் படம். ஒரு பக்கம் நான், முக்கோணங்களோடு. மறுபக்கம் தங்கச்சாமி, முட்டைகளோடு. நடுவில் பிள்ளைகள். புகைப்படக்காரரை நோக்கி வாழ்க்கையில் முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்தேன். புதுப் பல்லின் உற்சாகத்தில் அடக்கவும் தோன்றவில்லை.

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் வாயை மூடிக்கங்க. பொண்ணு மாப்பிள்ளை மேல கண்ணே போக மாட்டேங்குது."